ருக்குமணியின் கோட்டும் ஊரார் இரக்கமும்

மந்தாரக்குப்பத்தில் தையற்கடை வைத்திருந்த ருக்குமணிக்கு யாரையும் மெச்சத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரர் நல்ல துணி என்று எடுத்துப் போட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இத்த வலைன்னு சொல்லி வித்தா மீனாச்சும் புடிக்கலாம்" என்பாள். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் பிளாக்குகளிலிருந்து ஜாக்கெட் தைக்க வரும் பர்மனென்ட் வேலைக்காரர் வீட்டுப் பெண்கள் அவள் வாய்க்குப் பயந்துகொண்டேதான் வருவார்கள். போன தீபாவளிக்கு எடுத்த அளவே போதும் என்ற ஒருத்தியிடம், "நீங்க வளந்துட்டீங்க, துணி வளராதுங்களே" என்று சொல்லியபடி டேப்பை எடுத்தாள். இத்தனை பேச்சையும் கேட்டுவிட்டு அவர்கள் மறுபடியும் வந்ததற்குக் காரணம், அவள் தைத்த ஜாக்கெட்டில் தோள் இறங்காது என்பதுதான்.

கணவன் கண்ணையன் அவளுக்கு நேர்மாறு. சுரங்கத்திலிருந்து கரி ஏற்றிப்போகும் பெல்ட்டின் ஓரம் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போகிற மனிதன். இரண்டு பேர் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலம் கிடையாது. ஊரார் வயலில் நட்டு, களை பறித்து வந்தவர்களின் பிள்ளைகள். வாடகை வீட்டின் முன்னறையில் கடை, பின்னறைகளில் குடித்தனம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ருக்குமணி தவணையில் ஒரு பிரிட்ஜ் வாங்கினாள். காதுக்கு ஒரு ஜோடி கல்வைத்த கம்மலும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டையும் தன் கால் மிதித்துச் சம்பாதித்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

கோட்டு விஷயம் வீராயியிடமிருந்து தொடங்கியது. வீராயியும் காண்ட்ராக்ட் வேலைக்காரிதான். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளிப்போடுகிற வேலை. அவள் ஒருநாள் கிழிந்த ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, ஒட்டுப்போடச் சொன்னாள்.

"யாரு சட்ட இது?"

"எங்க வூட்டுக்காரருதுதான்க்கா. சேலைக்கு மேல மாட்டிகினு போறது. இருந்த சட்டையெல்லாம் நான் போட்டே கிழிச்சிட்டன்னு நேத்து அந்தாளு ஒரே சண்ட."

ருக்குமணி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை நீளமாய்த் தொங்கியது. மார்புப் பக்கம் பித்தான் இழுத்துப் பிய்ந்திருந்தது. இடுப்பில் சேலைக் கொசுவத்துக்கு இடம் இல்லாமல் பக்கத் தையல் கிழிந்திருந்தது. ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் இப்படித் தொங்குகிற கையோடு நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"எத்தினி வருசமா இந்த ஊருல பொம்பளைங்க வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க அம்மா காலத்துலேர்ந்து."

"அப்பலேர்ந்து புருசன் சட்டையத்தான் போடுறீங்களா? ஆகாசத்துக்கு ராக்கெட்டு வுடுறானுவ. ஒரு பயலுக்கும் பொம்பளைக்கு ஒரு சட்ட தைக்கணும்னு தோணல பாரு."

அன்றைக்கே முரட்டு டிரில் துணி பழையது ஒன்றை எடுத்து வெட்டினாள். தொடை வரை நீளம், கொசுவம் தாராளமாய் அடங்கப் பக்கவாட்டில் திறப்பு, மணிக்கட்டில் எலாஸ்டிக், போன் விழாமல் இருக்க உள்பக்கம் மூடிவைத்த பை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுந்தால் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளக் காலரோடு ஒரு துணி. வீராயி அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அந்த வாரமே நாலைந்து பெண்கள் கடைக்கு வந்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று நின்றார்கள்.

அவளுடைய கால்மிஷினில் டிரில் துணி ஓடவில்லை. இரண்டு கோட்டு தைப்பதற்குள் ஊசி ஊசியாய் உடைந்தது. பவர் மிஷின் வேண்டும், ஓரம் அடிக்க ஓவர்லாக் வேண்டும், பித்தானுக்குக் காஜா எடுக்க ஒரு மிஷின் வேண்டும், துணியை மொத்தமாய் எடுத்தால்தான் விலை கட்டுப்படியாகும். பேங்க்கில் போய்க் கேட்டாள். ஈடாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "ஈடு இருந்தா உங்ககிட்ட ஏன் வரன்?" என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலைக்கு ஆள் வைக்கும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "கரி அள்ளறவளுக்குக் கோட்டா? அப்படியே டையும் ஒண்ணு தச்சிடும்மா" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ருக்குமணி கோட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு வவுறு இருக்கற இருப்புக்கு ரெண்டு டை வேணும், துணி எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் பிரவின்குமார். அவளுடைய அக்கா மகன். அப்பா பர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்குப் போவது அடிமைத்தனம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதற்குள் மூன்று கம்பெனி தொடங்கியிருந்தான். மூன்றுக்கும் லோகோ இருந்தது. விற்பதற்குத்தான் எதுவும் இல்லை.

"சின்னம்மா, நீங்க ஏன் பேங்க்குக்குப் போறீங்க? கிரௌட் ஃபண்டிங் பண்ணலாம்" என்றான்.

"அது இன்னாது?"

"நம்ம ஐடியாவ நெட்ல போடுவோம். பிடிச்சவங்க ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா காசு போடுவாங்க. ஆயிரம் பேரு நூறு நூறு ரூபா போட்டா மிஷின் வந்துடும்."

"ஊரான் ஊட்டு வாசல்ல துண்டு விரிக்கச் சொல்ற."

"ஐயோ சின்னம்மா, இது பிச்ச இல்ல. முன்கூட்டியே விக்கறது. அவங்க காசு போடுவாங்க, தச்ச உடனே நீங்க கோட்டு அனுப்பிடுவீங்க. அட்வான்ஸ் மாதிரி."

அட்வான்ஸ் என்ற சொல் ருக்குமணிக்குப் புரிந்தது. பொங்கலுக்கு முன்னால் பாதிப் பணம் வாங்கிக்கொண்டுதான் அவள் துணியில் கத்திரி வைப்பாள். ஒருத்தி கொடுத்தால் அட்வான்ஸ், ஆயிரம் பேர் கொடுத்தால் இங்கிலீஷ் பேரு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சரி என்றாள்.

பிரவின்குமார் சென்னையில் இருந்த ஓர் இணையதளக் கம்பெனிக்கு எழுதினான். அங்கிருந்து வீடியோ எடுக்க இசைப்பிரியா என்ற பெண்ணும் ஒரு கேமராக்காரரும் காரில் வந்தார்கள். ருக்குமணி அதற்கு முதல் நாளே கடையை ஒட்டடை அடித்து, தைத்த கோட்டுகளை இஸ்திரி போட்டு வரிசையாய் மாட்டியிருந்தாள். பட்டுச்சேலை கட்டி, கம்மலைத் துடைத்துப் போட்டு, தலைநிறைய பூ வைத்திருந்தாள். வந்த பெண்ணுக்கு மோர் கொடுத்தாள். இசைப்பிரியா மோரைக் குடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"வீடு... நல்லா இருக்கேக்கா" என்றாள்.

"நல்லா இல்லாம? தெனமும் பெருக்கறன்."

"இல்லக்கா, அந்த பிரிட்ஜ் ஃப்ரேம்ல வருது. மேல ஒரு போர்வை போட்டுடலாமா? அப்புறம் கம்மலைக் கொஞ்சம்..."

"கம்மல் இன்னா பண்ணுது உன்ன?"

"காசு போடறவங்க பாத்தாங்கன்னா, இவங்களுக்கு எதுக்கு நம்ம காசுன்னு நினைப்பாங்கக்கா."

பிரவின்குமார் பின்னாலிருந்து, "சின்னம்மா, அவங்களுக்குத் தெரியும், சொல்றபடி செய்யுங்க" என்று கெஞ்சினான். ருக்குமணி கம்மலைக் கழற்றினாள். பிறந்த நாள் முதல் யார் பேச்சையும் கேளாதவள் அன்றைக்கு மிஷினை நினைத்துக்கொண்டு கேட்டாள். பட்டுச்சேலையும் மாறியது. பூவும் இறங்கியது. பிரிட்ஜ் மேல் போர்வை ஏறியது.

"இப்ப உங்க கஷ்டத்தச் சொல்லுங்கக்கா."

"மிஷின் இல்ல. அதான் கஷ்டம். தோ பாருங்க, இந்தப் பையில போனு வெச்சா குனிஞ்சாலும் வுழாது..."

"கோட்டு அப்புறம் காட்டலாம். வாழ்க்கையில என்ன கஷ்டம்?"

"வாழ்க்கையில இன்னா? வவுறு நெறையத் துன்னறன். படுத்தா தூக்கம் வருது."

இசைப்பிரியா கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் கேமராவை அணைத்தார். அவள் கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு வேறு வழியாக வந்தாள். "சுரங்கத்துக்கு நிலம் எடுத்தாங்க இல்ல, வளையமாதேவி பக்கம் எல்லாம்... உங்க நிலமும் போச்சா?"

"எங்களுக்கு நெலமே இருந்ததில்லம்மா. இல்லாதத எங்கேர்ந்து பறிகொடுக்கறது? நெலம் போனவங்க அங்கதான் இருக்காங்க. போயி அவங்களக் கேளு, நெஞ்சு வேவற மாதிரி சொல்லுவாங்க."

"ஆனா நிலம் எடுத்ததால உங்களுக்கும் பாதிப்பு..."

"அவங்க துக்கத்த நான் கட்டிகினு அழுவணுமா? இன்னா பொழப்பு இது!"

இதற்கு நடுவில் முதல் ஷிப்ட் முடிந்து கண்ணையன் வந்து சேர்ந்தான். கைகால் கழுவி, வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வீடியோவில் நிற்கப்போகிறோம் என்று அவனுக்கு உள்ளூர ஆசை. இசைப்பிரியா மரியாதையாகத்தான் சொன்னாள்: "சார் கொஞ்சம் வெளியே இருந்தா நல்லா இருக்கும். இது அக்காவோட கதை." கண்ணையன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்த் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். அவர்கள் காரில் ஏறும்வரை அங்கேயே இருந்தான்.

பிறகு அவளை மிஷின் மிதிக்கச் சொன்னார்கள், சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள், தெருவில் தனியாக நடக்கச் சொன்னார்கள். நடக்கும்போது காற்றில் வந்த சாம்பல்தூள் கண்ணில் விழுந்தது. ருக்குமணி முந்தானையால் கண்ணைக் கசக்கினாள். "அப்படியேக்கா! அப்படியே!" என்று இசைப்பிரியா கத்தினாள். வீட்டுக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணையனின் பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. முருகன் படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை நீளமாய் இருந்ததால் பாதி கண்ணையன் மேலேயும் தொங்கிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் அதன் முன்னால் நின்று நிதானமாய் எடுத்தார். ருக்குமணி அப்போது கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீடியோ வந்தது. வயலின் அழுதது. ருக்குமணி மெல்ல, மிக மெல்லத் தெருவில் நடந்தாள். கண்ணீர் துடைத்தாள். சுவரில் மாலைபோட்ட கண்ணையன் தெரிந்தான். "துணைக்கு யாருமில்லை. ஆனாலும் இவள் தைக்கிறாள்" என்று ஒரு குரல் தழுதழுத்தது. கோட்டு ஒரு கண்சிமிட்டும் நேரம் வந்து போயிற்று. அடியில் காசு போடுகிற பட்டனும், அதற்கும் அடியில் பொடி எழுத்தில் "எனக்குக் கோட்டு வேண்டும்" என்று ஒரு கட்டமும் இருந்தன. அந்தக் கட்டத்தைத் தொட்டவர்கள் அநேகமாய் யாருமில்லை.

ஆனால் பணம் கொட்டியது. பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேர் தெரியாத ஊர்களிலிருந்தும் வந்தது. "தாயே, உங்கள் கண்ணீர் எங்களை உலுக்கிவிட்டது" என்று எழுதினார்கள். பிரவின்குமார் ஒவ்வொன்றாய்ப் படித்துக் காட்டினான்.

"கோட்டப் பத்தி ஒருத்தன் எழுதுனானா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"இல்ல சின்னம்மா. ஆனா..."

"கண்ணுல தூசு வுழுந்ததுக்கு இம்மாங் காசா! தெனமும் இந்த ஊருல எல்லாரு கண்ணுலயும்தான் வுழுவுது. அப்ப ஊரே கோடீசுவரன் ஆவணுமே."

ஏளனமாய்ச் சொன்னாளே தவிர, மிஷின் வரப்போகிறது என்று உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். மாலை போட்ட படத்தைப் பார்த்தபோது எங்கோ உறுத்தியது. முருகனுக்குப் போட்ட மாலைதானே என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டது தப்பு.

வீடியோ வாட்சாப்பில் ஏறி மந்தாரக்குப்பத்தையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சுற்றியது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்ணையனைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து, "யண்ணே, நீ எப்பப் போய்ச் சேந்த? ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றான். கேன்டீனில் டீக்கு நிற்கும்போது இன்னொருவன் தொப்பியைக் கழற்றி, "ரெண்டு நிமிசம் மௌனம்" என்று அறிவித்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கண்ணையனும் சிரித்துக்கொண்டு நின்றான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து கண்ணையனின் அக்கா கலியம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். கூடவே ஊர்ப் பெண்கள் நாலு பேர். "எங்கூடப் பொறந்தவனே! ஒரு சேதி சொல்லாம எடுத்துட்டாளேடா! என் கையால ஒருபிடி அரிசி போட வுடலையேடா!" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். தெருவே கூடிவிட்டது. சத்தம் கேட்டு, பனியனோடு, வாயில் பற்பசை நுரையோடு கண்ணையன் வெளியே வந்தான்.

கலியம்மாள் நடு ஒப்பாரியில் நின்றாள். கிட்டே வந்து தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவ்வளவுதான், அவள் முகம் மாறிவிட்டது.

"உசுரோடதான் இருக்கியா, படுபாவி! ஆட்டோக்காரனுக்கு நான் எங்கேர்ந்து குடுப்பன்?"

கூட்டம் சிரித்தது. ருக்குமணியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கலியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி ருக்கு, நாலு காசுக்கு எந்தம்பிக்கு மால போட்டியா? எங்காத்தா வவுத்துல பொறந்தவன உன் கடைக்கு வெளம்பரம் வெச்சியா?"

"அண்ணி, நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள். அவள் குரல் அவளுக்கே சின்னதாய்க் கேட்டது.

எல்லாரும் போன பிறகு கண்ணையன் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றினான். தூசியைத் துடைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

"நான் செத்தாதான் உனுக்கு மிஷின் வரும்னா, நேரா சொல்லியிருக்கலாம்" என்றான்.

கோபமாய்ச் சொல்லியிருந்தால் அவள் பத்துச் சொல் திருப்பிச் சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாய்ச் சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போய்விட்டான். ருக்குமணி அன்று மிஷினில் உட்காரவில்லை.

பிரவின்குமாரை வரவழைத்து இசைப்பிரியாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

"அந்த வீடியோவ எடுத்துடு."

"அக்கா, நாங்க அவரு இறந்துட்டாருன்னு எங்கயுமே சொல்லல. மக்கள் அப்படி எடுத்துக்கிட்டாங்க."

"எடுத்துக்கறாப்புல வெச்சது யாரு? துணைக்கு யாருமில்லன்னு சொன்னீங்களே, அந்தாளு டீக்கடையில உக்காந்துகினு இருந்தாரே, கண்ணு தெரியலயா?"

"கேம்பைன் நல்லா போயிட்டிருக்குக்கா. இப்ப நிறுத்தினா உங்களுக்குத்தான் நஷ்டம். இன்னும் கொஞ்சநாள் பொறுத்தீங்கன்னா..."

"இன்னும் கொஞ்சநாள் அவரு செத்தே இருக்கணுமா?"

போனை வைத்துவிட்டாள். பிரவின்குமார் முகம் வெளுத்து நின்றான். அவன் அதற்குள் விசிட்டிங் கார்டு அடித்திருந்தான். இணை நிறுவனர் என்று பேருக்குக் கீழே போட்டிருந்தது. ருக்குமணி அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இணைஞ்சது போதும். உன் போனை எடு. நான் சொல்றத அப்படியே புடி" என்றாள்.

கண்ணையன் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து, அவனைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பட்டுச்சேலை, பூ, கம்மல். அன்றிலிருந்து பிரிட்ஜின் மேலேயே கிடந்த போர்வையை எடுத்தாள்.

"நான் ருக்குமணி. இவரு எங்க வூட்டுக்காரரு. சாவல. தோ, மூச்சு வுடறாரு பாருங்க. எனுக்கு நெலம் போவல, எங்களுக்கு நெலமே கெடையாது. அன்னிக்கு நான் அழுவல, கண்ணுல சாம்பல் வுழுந்துது. நான் கேட்டது கோட்டு தைக்க மிஷினு. கோட்டு நல்லாருந்தா காசு குடுங்க, அனுப்பறன். பாவம் பாத்து குடுத்தவங்க திருப்பி வாங்கிக்கங்க. எம்மேல பாவப்படற அளவுக்கு நான் ஒண்ணும் கொறஞ்சி போயிடல." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கோட்டை விரித்து, பையைத் திறந்து, எலாஸ்டிக்கை இழுத்து எல்லாவற்றையும் காட்டினாள். கண்ணையன் கடைசியில் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிரவின்குமார் அதை அதே பக்கத்தில் ஏற்றினான். உடனே வசை கிளம்பியது. முதல் நாள் தாயே என்றவர்கள் மறுநாள் மோசக்காரி என்றார்கள். இந்தியர்களின் இரக்கத்தை இப்படித்தான் சுரண்டுகிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் பக்கம் பக்கமாய் எழுதினார். ஒரு பெண் கம்மலை வட்டம் போட்டுக் காட்டி, இதை விற்றால் மிஷின் வராதா என்று கேட்டிருந்தாள். இன்னொருவன், புருஷன் நல்ல திடமாகத்தானே இருக்கிறான், அவன் வாங்கித்தரட்டும் என்றான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தையும் மூடிவிட்டது.

ருக்குமணி எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அவரு செத்துட்டாருன்னு சந்தோசமா குடுத்தானுவ. உசுரோட இருக்காருன்னதும் வவுறு எரியுதே இவனுங்களுக்கு" என்றாள். "ஒரு மனுசன் சாவலன்னா நிம்மதி இல்ல வரணும்?"

திருப்பிக் கேட்காமல் விட்டவர்கள் சிலர் இருந்தார்கள். மறந்துபோனவர்களோ, நல்லவர்களோ தெரியாது. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பியது. அது ஒரு பழைய பவர் மிஷினுக்குத்தான் போதுமாயிருந்தது. ருக்குமணி அதை வாங்கிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்காத ஒவ்வொருவர் முகவரியையும் பிரவின்குமாரை விட்டு வாங்கி, கையிலிருந்த துணியில் வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் ஆளுக்கொரு கோட்டு தைத்துப் பார்சலில் அனுப்பினாள். பெங்களூர் அடுக்குமாடியில் இருந்து ஒருவர் போன் செய்து, இதை நான் என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க பில்டிங்ல குப்ப அள்ள ஒரு பொம்பள வருவாங்க இல்ல? அவங்க பேரு இன்னான்னு கேட்டுட்டுக் குடுங்க" என்றாள். அவருக்குப் பேர் தெரிந்திருக்கவில்லை.

ஒரு மிஷினை வைத்துக்கொண்டு கோட்டு கேட்டு நின்ற ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தைக்க முடியாது. துணிக்கும் பணம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வீராயி கூடவேலை செய்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"யக்கா, அந்த வெளியூருக்காரங்கதான் போடணுமா? நாங்க போட மாட்டமா?"

"உங்ககிட்ட ஏதுடி காசு?"

"சம்பளத்துல ஆளுக்குக் கொஞ்சம் தரம். நீ தச்சிக் குடு. ஆனா ஏமாத்துனன்னு வெச்சுக்க, அந்த வெளியூருக்காரங்க மாதிரி எழுதிகினு இருக்க மாட்டம். நேரா வந்து கழுத்தப் புடிப்பம்."

இதுதான் பிரவின்குமார் முதலில் சொன்னது. வாங்கப்போகிறவர்களே முதலைப் போடுவது. அவன் பக்கத்தில் நின்று, "சின்னம்மா, டெக்னிக்கலா பாத்தா இதுவும் கிரௌட் ஃபண்டிங்தான்" என்றான். அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் இந்தக் கூட்டத்தின் காசு இனாமாய் வரவில்லை. கொடுத்த மறுநாளிலிருந்து ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் யாராவது ஒருத்தி கடைக்குள் உட்கார்ந்துகொண்டாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். "என் காசு இந்த மிஷின்ல ஓடுது, நான் உக்காந்துதான் பாப்பன்" என்றாள். வீராயிதான் அதில் பெரிய தொல்லை. பை ஆழம் போதவில்லை, வெற்றிலைப் பாக்குப் பொட்டலம் எட்டிப் பார்க்கிறது என்று, மிச்சத் துணியில் முதலில் தைத்து முடித்த உருப்படிகளைத் திருப்பினாள்.

"போனு வெக்கத்தான்டி பை. வெத்தலைக்கா?"

"காசு குடுத்தது வெத்தல போடற வாயிதான்க்கா. பிரி."

டவுன்ஷிப் பிளாக் பெண்கள் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். இப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பையாய்ப் பிரித்து ஆழமாக்கினாள். திட்டிக்கொண்டேதான் செய்தாள். "சாம்பலத் துன்னுகினு திரியறதுக்குத் திமிரப் பாரு" என்று அவர்கள் காதுபடச் சொன்னாள். அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். அவளைப் பார்த்து யாரும் பாவப்படவில்லை என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது.

மொத்தத் துணி எடுக்கும்போது நிறத்தில்தான் பெரிய சண்டை வந்தது. அழுக்குத் தெரியாதிருக்கச் சாம்பல் நிறத்தில் துணி எடுப்பதாய் ருக்குமணி முடிவு செய்திருந்தாள். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாள் முச்சூடும் சாம்பல்லதான் கெடக்கறம். போடறதும் சாம்பலாட்டம் இருக்கணுமா? எங்களுக்கு மெரூன் வேணும்."

"மெரூன் கல்யாணத்துக்குக் கட்டறது. கரி அள்ளறதுக்கு எவளாச்சும் மெரூன் போடுவாளா? சாயம் போனா என்னக் கேக்கக் கூடாது."

"சாயம் போவாத துணியாப் பாத்து எடு. அதுக்குத்தான் உன்ன வெச்சிருக்கறம்."

உன்னை வெச்சிருக்கிறோம் என்ற சொல்லைக் கேட்டு ருக்குமணி கத்திரியைக் கீழே வைத்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், சாம்பலுக்கு யார், மெரூனுக்கு யார் என்று. சாம்பலுக்கு அவள் கை ஒன்றுதான் உயர்ந்தது. கண்ணையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காசு போடாத ஆள் அவன். இருந்தாலும் மெரூனுக்குக் கையைத் தூக்கினான்.

கண்ணையனின் அடுத்த வார விடுமுறை நாளில் அவனும் ருக்குமணியும் கடலூருக்குப் போனார்கள். மொத்தக் கடையில் ருக்குமணி மெரூன் டிரில் துணியில் ஒரு நுனியைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். கடைக்காரரை அரைநாள் படுத்தி எடுத்துவிட்டுத்தான் வாங்கினாள். கண்ணையன் துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "துணிக்கா? உக்கார எடம் குடுக்கல, டிக்கெட் மட்டும் கேக்கறீங்க" என்று ருக்குமணி ஆரம்பித்தாள்.

கண்ணையன் சில்லறையை எடுத்து நீட்டினான். "குடுத்துட்டன். வுடு" என்றான்.

அவள் ஜன்னலோரம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். "அந்தப் படத்த எடுத்து மாட்டுங்க. சாமிக்குப் பக்கத்துல வேணாம், கடையில மாட்டுங்க" என்றாள்.

"படம் எதுக்கு? நானே வந்து உக்காரன்" என்றான் கண்ணையன். அவன் அப்படிப் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. ருக்குமணி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலைக்குத் தொந்தரவு பண்ண வீராயி ஒருத்தி போதாதா?" என்றாள். பஸ் நகர்ந்தது. துணிக்கட்டு சரியாமலிருக்க இருவரும் ஆளுக்கொரு பக்கம் காலால் அணைத்துக்கொண்டார்கள்.